காலரா கிருமி எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறது?

1992 அக்டோபர், சென்னை. காலரா என்று வந்த நோயாளிகளிடமிருந்து கிருமியை எடுத்துச் சோதித்தபோது ஒரு சிக்கல். அறிகுறிகள் அச்சு அசலாகக் காலராதான். அரிசி கழுவின தண்ணி மாதிரி பேதி, சில மணி நேரத்தில் உடம்பே வற்றிப்போவது, எல்லாம் அப்படியே. ஆனால் வழக்கமான ஓ1 வகைக்கு எதிரான சீரத்தைச் சேர்த்தால் கட்டிகட்டியாகத் திரள வேண்டிய கிருமி, திரளவில்லை. அதுவரை 138 வகைகளுக்கு எண் கொடுத்து வைத்திருந்தார்கள். ஒன்றுக்கும் இது மசியவில்லை. 139 என்று புது எண் போட வேண்டியதாயிற்று. மதுரை, வேலூர் என்று தென்பட்டு, சில மாதங்களில் கல்கத்தா, வங்கதேசம் வரைக்கும் போய்விட்டது. வங்கக் கடலோர ஊர்களில் முதலில் கண்டதால் 'ஓ139 பெங்கால்' என்று பேர். பிடிபட்டது சென்னையில், பேர் பெங்கால். போகட்டும்.

பழைய காலராவுக்கு எதிராக உடம்பில் சேர்ந்திருந்த எதிர்ப்புசக்தி இதனிடம் செல்லவில்லை. அதனால் காலரா புழங்கும் ஊர்களில் வழக்கமாகக் குழந்தைகளை அதிகம் பிடிக்கும் நோய், அந்த முறை பெரியவர்களையும் படுக்கவைத்தது. அப்போது நான் எட்டாம் வகுப்பு. நல்லம்பள்ளியில் காலரா வந்ததாக நினைவில்லை. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கொட்டிவிட்டுப் போவார்கள், இரண்டு நாளைக்குத் தண்ணி வாயில் வைக்க முடியாது. அவ்வளவுதான் எனக்கும் காலராவுக்கும் உள்ள உறவு.

இந்த விஷயத்துக்குள் நான் வந்தது பின்வாசல் வழியாக. பாக்டீரியாவின் டிஎன்ஏ வரிசையில் நகலெடுப்பு தொடங்கும் இடத்தை ஒரு சின்ன புரோகிராம் போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று படித்தேன். போட்டேன், கிடைத்தது. தொடங்கும் இடம் தெரிந்தால் முடியும் இடம் எங்கே என்ற கேள்வி தானாக வரும். அதைத் தேடிக்கொண்டு போனால், காலரா கிருமியில் நகலெடுப்பு முடியும் இடத்திலேயே காலரா நச்சின் ஜீன் உட்கார்ந்திருக்கிறது! தற்செயலாக இல்லை. அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் முதலிலிருந்து வந்தால்தான் புரியும்.

வட்டக் கிணறும் இரண்டு கொத்தனார்களும்

நம்ம குரோமோசோம்கள் நீளக் கயிறுகள். பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு அது ஒரு வளையம். ஈ. கோலை என்கிற, நம் குடலில் இருக்கிற பாக்டீரியாவுக்கு ஒரே வளையம், சுமார் 46 லட்சத்து 40 ஆயிரம் எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகள்). 1963ல் ஜான் கெய்ர்ன்ஸ் கதிரியக்கம் ஏற்றிய டிஎன்ஏவைப் படமெடுத்து, அது வளையமாகவே இருந்துகொண்டு நகலாகிறது என்று காட்டினார். அதே வருஷம் ஜேக்கப், பிரென்னர், குசான் மூவரும், நகலெடுப்பு கண்ட இடத்தில் தொடங்காது, குறிப்பிட்ட ஒரு இடத்தில் ஒரு புரதம் வந்து 'ஆரம்பி' என்று சொன்னால்தான் தொடங்கும் என்று ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். இரண்டுமே பெரும்பாலும் சரியாகவே நிலைத்துவிட்டன.

எங்க ஊர்ப்பக்கம் வட்டக் கிணறுக்குக் கைப்பிடிச் சுவர் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கொத்தனார்கள் ஒரே இடத்தில் முதுகோடு முதுகு நின்று தொடங்கி, ஒருவர் வலப்பக்கமாகவும் ஒருவர் இடப்பக்கமாகவும் பூசிக்கொண்டே போனால் எதிர்ப்பக்கத்தில் முகத்தோடு முகம் சந்திப்பார்கள். பாக்டீரியா செய்வது இதேதான். தொடங்கும் இடத்துக்கு 'ஓரி' என்று பேர். அங்கே இரட்டைச் சுருளைப் பிரித்துக்கொண்டு இரண்டு நகலெடுப்பு இயந்திரங்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்புகின்றன. ஒவ்வொன்றும் 23 லட்சம் எழுத்து. மொத்த வேலைக்கும் 40 நிமிஷம். வகுத்துப் பாருங்கள், ஒரு இயந்திரம் வினாடிக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் எழுத்து படித்து எழுதுகிறது.

அந்தத் தொடக்க இடத்தை எப்படிப் புரோகிராமால் பிடிப்பது? நகலெடுக்கும்போது இரண்டு இழைகளில் ஒன்று கொஞ்சம் கூடுதல் நேரம் தனி இழையாக, பாதுகாப்பு இல்லாமல் நிற்க வேண்டியிருக்கிறது. தனியாக நிற்கும்போது 'சி' எழுத்து வேதிமாற்றம் அடைந்து கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். கோடிக்கணக்கான தலைமுறையில் அந்த இழையில் 'சி' குறைந்து 'ஜி' மிஞ்சிவிடுகிறது. 1996ல் லோப்ரி என்பவர் கவனித்துச் சொன்னது இது. ஆக, வரிசையை முதலிலிருந்து படித்துக்கொண்டே வந்து, 'ஜி' வந்தால் ஒன்று கூட்டு, 'சி' வந்தால் ஒன்று கழி. பத்து வரி பைத்தான். வரைபடம் போட்டால் ஒரு பள்ளம், ஒரு மேடு தெரியும். பள்ளம் தொடக்கம், மேடு முடிவு. ஈ. கோலைக்கு என் பள்ளம் 39 லட்சத்து 23 ஆயிரம் பக்கத்தில் விழுந்தது. ஆய்வகத்தில் கண்டுபிடித்த ஓரி 39 லட்சத்து 25 ஆயிரத்தில் இருக்கிறது. ஒரு சோதனைக்குழாயைக் கூடத் தொடாமல், வீட்டில் உட்கார்ந்து, 46 லட்சத்தில் இரண்டாயிரம் எழுத்துப் பிழைக்குள் வந்தாச்சு. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

சாவி, பூட்டு, மறுபடி பூட்டு

ஈ. கோலையின் ஓரி வெறும் 245 எழுத்து நீளம். அதற்குள் ஒன்பது எழுத்துச் சொல் ஒன்று (டிடிஏடிசிசிஏசிஏ, அல்லது அதன் சாயல்) திரும்பத் திரும்ப வருகிறது. டிஎன்ஏ-ஏ என்ற புரதம் அந்தச் சொற்களில் வந்து ஒட்டும். (டிஎன்ஏ என்பது மூலக்கூறு, டிஎன்ஏ-ஏ என்பது புரதம். பேர் வைத்தவர் தமிழில் எழுதப்போகிறவனை நினைத்துப் பார்க்கவில்லை.) நிறைய ஒட்டிச் சேர்ந்ததும் பக்கத்தில் இருக்கும் ஏ, டி மிகுந்த பகுதி பிளந்துகொள்ளும். ஏ-டி ஜோடிக்குப் பிடிப்பு குறைவு, அதனால் அங்கேதான் பிரிவது சுலபம். திறந்த வாயில் டிஎன்ஏ-பி என்ற, சுருளைப் பிரிக்கும் நொதி இரு பக்கமும் ஏறும். பிறகு நகலெடுக்கும் பட்டாளம் வந்து சேரும்.

இது சுலபமான பகுதி. ஒரு வேலையைத் தொடங்கவைப்பது எப்போதுமே சுலபம். ஒரே முறை மட்டும் தொடங்கவைப்பதுதான் கஷ்டம். மென்பொருளில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். 'பணம் செலுத்து' பட்டனைப் பயனர் இரண்டு முறை தட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதில் நான் ஒரு வேலையிடத்தில் மூன்று நாள் தூக்கம் இழந்திருக்கிறேன். ஓரியிலும் அதே பிரச்சினை. திறந்து நகலான அடுத்த வினாடியே இரண்டு புது ஓரிகள், டிஎன்ஏ-ஏ சுற்றிலும் மிதக்கிறது. மறுபடி தொடங்காமல் எது தடுக்கிறது?

முதல் தடுப்பு ஒரு பூட்டு. ஓரிக்குள் ஜி-ஏ-டி-சி என்ற நான்கெழுத்துச் சொல் 11 இடத்தில் இருக்கிறது. மரபணுத் தொகுதி முழுக்கவும் இருக்கும், ஆனால் இங்கே மிக நெருக்கமாக. டாம் என்ற நொதி இந்தச் சொல்லில் இருக்கும் 'ஏ'க்கு ஒரு சின்ன வேதிப்பொட்டு வைக்கும். நகலான உடனே பழைய இழையில் பொட்டு இருக்கும், புது இழையில் இன்னும் இருக்காது. இந்த அரைகுறை நிலையை அடையாளம் கண்டு செக்-ஏ என்ற புரதம் வந்து மூடிக்கொள்ளும். கிட்டத்தட்ட ஒரு தலைமுறைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு அந்த ஓரியை யாரும் தொட முடியாது. 'இப்போதுதான் நகலானது' என்பதற்குத் தனியாக ஒரு குறிப்பேடு வேண்டாம், நகலானதன் தடயமே குறிப்பு. இதைவிட அழகாக நான் ஒரு பூட்டு எழுதியதில்லை.

இரண்டாவது தடுப்பு, சாவியையே கெடுத்துவிடுவது. டிஎன்ஏ-ஏ வேலை செய்ய அதில் ஏடிபி ஒட்டியிருக்க வேண்டும். நகலெடுப்பு இயந்திரம் ஓட ஆரம்பித்ததும், அதன் ஒரு பாகமும் எச்டிஏ என்ற புரதமும் சேர்ந்து அந்த ஏடிபியை உடைத்து ஏடிபி இல்லாத சாவியாக மாற்றிவிடும். நகலெடுப்பு ஓடுகிறது என்பதே புது நகலெடுப்புக்குத் தடை. பூட்டு திறக்கும் நேரத்தில் கையில் இருப்பது பெரும்பாலும் செல்லாத சாவிகள்.

இவ்வளவு காவல் இருந்தும், ஓரியே இல்லாமல் பிழைக்கிற ஈ. கோலையும் உண்டு. ஆர்என்ஏ-டிஎன்ஏ கலப்பு இழைகளை வெட்டும் ஒரு நொதியை (ஆர்என்ஏஸ் எச்) எடுத்துவிட்டால் ஓரியை முழுசாக வெட்டி எறிந்தாலும் கிருமி வளரும் என்று 1983ல் கோகோமாவும் ஃபான் மேயன்பர்க்கும் காட்டினார்கள். படியெடுக்கும்போது ஆர்என்ஏ போய் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும் இடங்களில் இருந்து திருட்டுத்தனமாக நகலெடுப்பு கிளம்பிவிடுகிறது. இந்த ஒட்டல்களைப் பற்றி ஹைதராபாத் சிடிஎஃப்டியில் ஜே. கௌரிசங்கர் குழு பல வருஷம் வேலை செய்திருக்கிறது. பெங்களூரு என்சிபிஎஸ்ஸில் அஸ்வின் சேஷசாயி குழு, அந்த நொதி இல்லாத கிருமிகளைப் பல தலைமுறை வளர்த்துப் பார்த்து, இந்தத் திருட்டுத் தொடக்கம் அதிகம் நடக்கும் பகுதி ஒன்றை 2020ல் அடையாளம் காட்டியது. அதைத் தனிப் பதிவாக எழுதணும். இப்போது காலராவுக்குத் திரும்புவோம்.

போகும் வழியில் ஒரு கணக்கு மட்டும். நகலெடுக்க 40 நிமிஷம், பிறகு செல் இரண்டாகப் பிரிய 20 நிமிஷம், ஆக 60. ஆனால் நல்ல தீனி கிடைத்தால் ஈ. கோலை 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரட்டிக்கிறது. எப்படி? இந்தச் செல் இன்றைக்குப் பிரிவதற்கான நகலெடுப்பு இதன் பாட்டி காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஒன்று முடியும் முன்னே அடுத்தது, அது முடியும் முன்னே அதற்கடுத்தது. பிறக்கும் செல்லுக்குள் பேரப்பிள்ளைகளுக்கான நகல் பாதி ஓடிக்கொண்டிருக்கும். கூப்பரும் ஹெல்ம்ஸ்டெட்டரும் 1968ல் போட்ட கணக்கு. இதன் விளைவு, வேகமாக வளரும் செல்லில் ஓரி பக்கத்து ஜீன்கள் பல பிரதி இருக்கும், முடிவுப் பக்கத்து ஜீன்கள் ஒன்றிரண்டுதான். காலரா கிருமியில் ரைபோசோம் புரத ஜீன்களின் முக்கியமான தொகுப்பு ஓரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2015ல் அதைப் பெயர்த்துத் தள்ளி வைத்துப் பார்த்தார்கள். ஓரியிலிருந்து தூரம் போகப் போக வளர்ச்சி குறைந்தது, நோயுண்டாக்கும் திறனும் குறைந்தது. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, இடத்தை மட்டும்தான் மாற்றினார்கள்.

இரண்டு வளையங்கள்

காலரா கிருமிக்குக் குரோமோசோம் ஒன்று இல்லை, இரண்டு. 1998ல் தெரிந்தது. 2000ல் முழு வரிசையும் வந்தது. பெரியது சுமார் 29 லட்சத்து 60 ஆயிரம் எழுத்து, சின்னது 10 லட்சத்து 70 ஆயிரம். பெரியதன் ஓரி ஈ. கோலையைப் போலவே டிஎன்ஏ-ஏவுக்குக் கட்டுப்பட்டது. சின்னதற்கு ஆர்சிடி-பி என்று வேறு புரதம். எப்போதோ ஒட்டிக்கொண்ட பிளாஸ்மிட் ஒன்று வளர்ந்து வீட்டு ஆளாகிவிட்டது என்பதுதான் பொதுவான கருத்து.

இப்போது ஒரு நிர்வாகப் பிரச்சினை. இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கினால் சின்னது சீக்கிரம் முடிந்து காத்திருக்கும். அளந்து பார்த்தபோது தெரிந்தது வேறு: சின்னது தாமதமாகத் தொடங்குகிறது, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக முடிகின்றன. கல்யாண வீட்டில் சாம்பாரை முதலில் அடுப்பேற்றி, அப்பளத்தைப் பந்தி போடும் நேரத்துக்குப் பொரிப்பது மாதிரி. சரி, சின்னதற்கு நேரம் எப்படித் தெரியும்?

நானாக இருந்தால் ஒரு டைமர் வைத்திருப்பேன். ராத்திரி ஓடும் பேக்கப் வேலைகளுக்கு அப்படித்தான் வைத்தேன்: பெரியது 1 மணிக்கு, சின்னது 2.30க்கு. ஒரு நாள் பெரியது மெதுவாக ஓட, இரண்டும் இடித்துக்கொண்டு, காலையில் எனக்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. காலரா கிருமி அப்படி முட்டாள்தனம் செய்யவில்லை. பெரிய குரோமோசோமில், ஓரியிலிருந்து சுமார் 8 லட்சம் எழுத்துத் தள்ளி, சிஆர்டிஎஸ் என்று 150 எழுத்து நீளத்தில் ஒரு துண்டு இருக்கிறது. நகலெடுப்பு இயந்திரம் அந்தத் துண்டைக் கடக்கும்போது அது இரண்டாகிறது. அதுதான் சின்னதற்குச் சிக்னல். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் துருபா சட்டோராஜின் ஆய்வகம் 2014ல் இந்தத் துண்டைக் கண்டுபிடித்தது. 2016ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டிடியே மாசெல் குழு, அந்தத் துண்டை வேறு இடத்துக்கு மாற்றினால் சின்னதன் தொடக்க நேரமும் அதற்கேற்ப மாறுகிறது என்று காட்டியது. துண்டை எடுத்தேவிட்டால் சின்னது சரியாக நகலாகாமல் செல் தடுமாறுகிறது. சில செல்கள் இரண்டு வளையத்தையும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு பிழைத்தன!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரியதன் ஒரு பாதி சுமார் 14.8 லட்சம். 8.2 லட்சத்தில் சிக்னல், மீதி 6.6 லட்சம். சின்னதன் ஒரு பாதி 5.4 லட்சம். வித்தியாசம் 1.2 லட்சம். சிக்னல் கிடைத்து, ஆர்சிடி-பி கூடி, ஓரி திறந்து, இயந்திரம் ஏற ஆகும் நேரத்துக்கு அது சரியாக இருக்கிறது. கடிகாரம் இல்லை, வேலையின் நடுவில் ஒரு மைல்கல் மட்டும்தான். பெரியது மெதுவாக ஓடினால் சிக்னலும் மெதுவாகத்தான் வரும். இடிக்கவே இடிக்காது.

முடிக்கும் இடம்

ஈ. கோலையில் முடிவுக்கு ஒரு பொறி இருக்கிறது. ஒகேனக்கல் பக்கம் மீன்பிடிக்கிறவர்களிடம் பறி பார்த்திருப்பீர்கள். மீன் உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. வளையத்தின் எதிர்ப்பக்கத்தில் டெர் என்ற சின்னச் சொற்கள் 10 இடத்தில், இரண்டு கூட்டமாக, எதிரெதிர்த் திசை பார்த்து நிற்கின்றன. டஸ் என்ற புரதம் அவற்றில் உட்கார்ந்திருக்கும். சரியான பக்கத்திலிருந்து வரும் இயந்திரம் அதைத் தள்ளிவிட்டுப் போகலாம். தப்பான பக்கத்திலிருந்து வந்தால் நகர முடியாது. ஆக, இரண்டு இயந்திரமும் பறிக்குள் நுழையும், எது முன்னால் வந்தாலும் மற்றது வரும்வரை காத்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், டஸ்ஸை எடுத்துவிட்டாலும் ஈ. கோலை பெரிதாகக் கவலைப்படுவதில்லை. காலரா கிருமிக்கு இந்தப் பொறியே கிடையாது. 2019ல் வந்த ஒரு ஆய்வு, பொறி இல்லாமலே காலரா கிருமியில் இயந்திரங்கள் எதிர்ப்பக்கத்தில் டிஃப் என்ற இடத்துக்கு அருகே சந்திக்கின்றன என்று காட்டுகிறது. ஒரே வேகத்தில் போகிறவர்கள் எதிர்ப்பக்கத்தில்தானே சந்திப்பார்கள்.

இந்த டிஃப் முக்கியம். வளையத்தை நகலெடுப்பதில் இரண்டு சிக்கல் வரும். ஒன்று, இரண்டு வளையங்கள் சங்கிலிக் கண்ணி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்வது. டோப்போஐசோமரேஸ் நான்கு என்ற நொதி ஒரு வளையத்தை வெட்டி, மற்றதை அதன் வழியே விட்டு, மறுபடி ஒட்டிவிடும். சிப்ரோஃப்ளாக்ஸசின் மாத்திரை சாப்பிட்டிருப்பீர்களே, அது இந்த நொதியையும் இதன் சொந்தக்கார நொதியான கைரேஸையும் வெட்டிய நிலையிலேயே உறையவைத்துவிடும். கிருமி அறுந்த டிஎன்ஏவோடு சாகும்.

இரண்டாவது சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. நகலெடுக்கும்போது டிஎன்ஏ அறுந்தால், பக்கத்து நகலைப் பார்த்துச் சரிசெய்வார்கள். அந்தப் பழுதுபார்ப்பில் சில சமயம் இரண்டு வளையமும் இடம் மாறி ஒட்டி, ஒரே பெரிய, இரட்டை நீள வளையமாகிவிடும். இரண்டு வளையல் கோத்திருந்தால் பிரிக்கலாம். இரண்டும் உருகி ஒரே பெரிய வளையலானால்? செல் நடுவில் சுவர் எழும்பிவிட்டது, இந்தப் பெரிய வளையல் இரண்டு அறையிலும் கிடக்கிறது. ஈ. கோலையில் நூறு செல்லுக்குப் பத்துப் பதினைந்தில் இது நடக்கிறது, அரிதான விஷயம் இல்லை.

இதற்குத்தான் டிஃப். 28 எழுத்து. பெரிய வளையத்தில் டிஃப் இரண்டு இருக்கும். எஃப்டிஎஸ்-கே என்ற பம்ப் புரதம் சுவர் எழும்பும் இடத்தில் நின்று டிஎன்ஏவை இழுத்து, இரண்டு டிஃப்பையும் பக்கத்தில் கொண்டுவரும். செர்-சி, செர்-டி என்ற இரட்டைக் கத்திரிகள் அங்கே வெட்டி மாற்றி ஒட்டும். பெரிய வளையம் இரண்டு வளையமாகும். சுவர் மூடும். காலரா கிருமியின் இரண்டு குரோமோசோமுக்கும் தனித்தனி டிஃப் உண்டு, எழுத்துகளில் கொஞ்சம் வித்தியாசத்தோடு.

கடைசி வாசலில் நுழைந்தவன்

1959ல் கல்கத்தாவில் சம்பு நாத் டே, காலராவில் ஆளைக் கொல்வது கிருமி இல்லை, அது வெளியே விடும் நச்சு என்று முயல் குடலில் செய்த சோதனையால் காட்டினார். அந்த நச்சின் ஜீன் கிருமியின் சொந்தச் சொத்து இல்லை என்று தெரிய 1996 வரை ஆயிற்று. வால்டரும் மெக்கலானோஸும் காட்டினார்கள்: அது சிடிஎக்ஸ் என்ற வைரஸ் கொண்டுவந்தது. பாக்டீரியாவைத் தாக்கும் நூல் வடிவ வைரஸ். இது கிருமியைக் கொல்லாது, குடித்தனம் வந்துவிடும்.

குடித்தனம் எங்கே? டிஃப்பில்.

இப்படிக் குரோமோசோமுக்குள் நுழையும் பல வைரஸ்கள் தன்னுடைய வெட்டி ஒட்டும் நொதியைத் தானே கொண்டுவரும். சிடிஎக்ஸ் அதைக்கூடக் கொண்டுவருவதில்லை. கிருமியின் சொந்தக் கத்திரிகளான செர்-சி, செர்-டியைப் பயன்படுத்துகிறது என்று 2002ல் ஹூபரும் வால்டரும் கண்டுபிடித்தார்கள். அதெப்படி முடியும், கத்திரி டிஃப்பைத்தானே வெட்டும்? சிடிஎக்ஸின் மரபணு தனி இழை. அதன் ஒரு பகுதி தன்மேலேயே மடிந்து ஊக்கு மாதிரி நிற்கிறது. மடிந்த இடத்தில் எழுத்துகள் ஜோடி சேர்ந்து டிஃப் மாதிரியே வேஷம் கட்டுகின்றன. செர்-சி ஏமாந்து அதைக் குரோமோசோமின் டிஃப்போடு ஒட்டிவிடுகிறது. ஒரு இழைதான் ஒட்டுகிறது, மற்ற இழை? அடுத்த முறை நகலெடுப்பு இயந்திரம் அந்த வழியாக வரும்போது தானாகவே எழுதிக்கொடுத்துவிடும். 2005ல் பிரான்சில் வால், பார் இவர்களின் குழு இதைப் பிரித்துக் காட்டியது. எந்த டிஃப்பில் எந்த வகை சிடிஎக்ஸ் ஏறும் என்பதை அதே பார் குழுவில் இருந்துகொண்டு 2010ல் ஆராய்ந்தவர்களில் ஒருவர் பபதோஷ் தாஸ், பின்னால் ஃபரிதாபாத் டிஎச்எஸ்டிஐயில் இதே வேலையைத் தொடர்ந்தவர்.

இதில் எனக்கு முதுகு சிலிர்த்த இடம் ஒன்று உண்டு. உள்ளே நுழைந்தபின் ஊக்கு நிமிர்ந்து இரட்டை இழையாகிவிடுகிறது. டிஃப் வேஷம் கலைந்துவிடுகிறது. அதனால் கத்திரி அதை மறுபடி வெட்டி வெளியே எறிய முடியாது. அதே நேரம், ஓரத்தில் ஒரு நல்ல டிஃப் மட்டும் மிச்சம் இருக்கிறது. கிருமியின் பெரிய வளையப் பிரச்சினையைத் தீர்க்க அது போதும். ஆக வைரஸ் தன் வேலையையும் முடித்துக்கொண்டது, வீட்டுக்காரனின் கதவையும் உடைக்கவில்லை. அந்த மிச்ச டிஃப்பில் இன்னொரு சிடிஎக்ஸ் வந்து ஏறலாம். அப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக நிற்பதும் உண்டு.

கதவையே எடுத்துவிட்டால் திருடன் வர முடியாதே என்று தோன்றும். எடுக்க முடியாது. டிஃப் இல்லாத செல்லில் நூற்றுக்குப் பல செல்கள் தலைமுறைதோறும் சுவரில் மாட்டிக்கொண்டு சாகும். வைரஸ் எதைப் பூட்ட முடியாதோ அந்த வாசலாகப் பார்த்துப் பிடித்திருக்கிறது.

ஆறு, குளம், கழிமுகங்களில் வாழும் காலரா இனக் கிருமிகளில் பெரும்பாலானவற்றில் சிடிஎக்ஸ் இல்லை. அவை யாரையும் காலராவில் படுக்கவைப்பதில்லை. அவற்றிலும் டிஃப் இருக்கிறது. ஆனால் டிஃப் மட்டும் போதாது. சிடிஎக்ஸ் உள்ளே நுழைய டிசிபி என்ற மயிரிழை கிருமியின் மேல் வேண்டும். அதே மயிரிழைதான் நம் குடலில் குடியேறவும் கிருமிக்குத் தேவை. அதனால் புது ஆட்கொல்லி வகை எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

1992 சென்னைக் கிருமியின் கதை அந்த வழியில் வந்தது இல்லை. அது ஏற்கெனவே டிஃப்பில் சிடிஎக்ஸைக் குடிவைத்திருந்த எல் டோர் வகைக் காலரா கிருமி. அதன் மேற்சட்டையை எழுதும் ஜீன் தொகுப்பு சுமார் 22 ஆயிரம் எழுத்து வெட்டுப்பட்டு, அந்த இடத்தில் வேறெங்கிருந்தோ வந்த 35 ஆயிரம் எழுத்து உட்கார்ந்துகொண்டது. உள்ளே பழைய நச்சு, வெளியே புதுச் சட்டை. அதனால்தான் சீரம் அடையாளம் காணவில்லை, நம் உடம்பும் காணவில்லை. போதாததற்கு, எஸ்எக்ஸ்டி என்ற இன்னொரு துண்டும் அதில் ஏறியிருந்தது. நம்ம ஊரில் பேதி என்றாலே எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்த கோ-டிரைமாக்சசோல் மாத்திரை அதனால் இந்தக் கிருமியிடம் வேலை செய்யாது. அந்தத் துண்டை ஆய்வகத்தில் முதலில் அடையாளம் கண்டது 1992ல் சென்னையில் எடுத்த எம்ஓ10 என்ற கிருமியில்தான். அப்போதும் உயிரைக் காப்பாற்றியது உப்பு-சர்க்கரைக் கரைசலும் நரம்பில் ஏற்றிய திரவமும். அதற்குக் கிருமியின் சட்டை என்ன நிறம் என்று தெரிய வேண்டியதில்லை.

பைத்தான் புரோகிராமை அடுத்த பதிவில் வரிக்கு வரி விளக்குகிறேன். காலரா கிருமியின் இரண்டு குரோமோசோமுக்கும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். இரண்டு பள்ளம், இரண்டு மேடு. பெரியதன் மேட்டுக்குப் பக்கத்தில் நச்சின் ஜீனைத் தேடினால் கிடைக்கும்.